பதினாறு இஞ்சுக்கு ஒரு முறுக்கு

அக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி ஆரம்பம். சுண்டல் தாளித்து, விளக்கேற்றிக் கும்பிட்டு எழுந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். நல்ல வளர்ப்பு.

"தெய்வசிகாமணி ஐயா பேர்ல ஒரு பாயிண்ட் டூ டூ ரைபிள் இருக்குதுங்ம்மா. ஐயா தவறி வருசம் திரும்பிருச்சு. உரிமம் இருக்கற வேற ஆளு பேருக்கு மாத்திக் குடுத்துப்போடுங்க. இல்லாட்டித் தீபாவளிக்குள்ள எங்ககிட்ட ஒப்படைச்சிருங்க."

"ஒப்படைச்சா என்னங்க பண்ணுவீங்க?"

"ரூம்ல வெச்சுப் பூட்டிருவோம்."

"எத்தன நாளைக்கு?"

"மேல இருந்து ஆர்டர் வர்ற வரைக்குமுங். அப்பறம் மொத்தமா வெட்டிப்போடுவாங்க."

வாழைத்தார் வெட்டுவதைச் சொல்வதுபோலச் சொன்னார். என் வீட்டுக்காரர் சொந்தமாக வாங்கி, இருபத்தெட்டு வருடம் ஞாயிறு தவறாமல் கன்னத்தோடு சேர்த்து வைத்துச் சுட்ட துப்பாக்கி. இப்போது ரைபிள் கிளப் அறையில் பூட்டிக் கிடக்கிறது. அது வெட்டுப்படக் கூடாது. யாராவது சுடுகிறவர் கைக்குப் போக வேண்டும். முருகா, அதற்கு ஒரு வழி காட்டு.

ஏட்டுக்குச் சுண்டல் கொடுத்தேன். உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றார். உண்மைதான்.

பால் ஒன்றரை லிட்டர். கடலை கால் படி. தேங்காய் ஒன்று, பாதி மீதி.

அக்டோபர் 4, வெள்ளி

செந்தூரன் பெங்களூரிலிருந்து பேசினான். விவரம் சொன்னேன்.

"ஒப்படைச்சிருங்கம்மா. குழாய் தேஞ்சுபோச்சுன்னு அப்பாவே சொன்னாரல்லோ? அதைப் போயி ஆரு வாங்குவா?"

அவன் சொல்வதிலும் தப்பில்லை. மூன்று வருடம் முன்பு, புதுக் குழாய் போட்டுத் தருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன்தான். இவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். ஒருநாள் தட்டத்திலேயே கை கழுவிவிட்டார். அப்படி ஒரு கோபத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

சிலிண்டர் வந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

ஞாயிறு காலையில் எனக்கு இன்னும் நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் இட்லி அவித்து, தூக்கில் சட்னி ஊற்றி, ஐந்தரைக்கெல்லாம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துவிடுவேன். மடியில் தொலைநோக்கி. "புருசன் பொறத்தால குழாயப் புடிச்சுட்டுப் போறா பாரு" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணமான புதிதில் எனக்கு ஒன்றும் தெரியாது. அஞ்சாம் வகுப்போடு சரி. இவர் மில்லில் ஸ்பின்னிங் மேஸ்திரி. ஒருநாள் நான் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து பஞ்சை ஒரு துண்டு எடுத்தார். சும்மா இழுத்தார், பிய்ந்துவிட்டது. இன்னொரு துண்டைத் தொடையில் வைத்து உருட்டி இழுத்தார், பிய்யவில்லை.

"பாத்தியா மயிலு? முறுக்கு இருந்தா நூலு. முறுக்கு இல்லாட்டி வெறும் பஞ்சு. குண்டும் இப்படித்தான். குழாய்க்குள்ள வரி வரியாப் பள்ளம் வெட்டியிருக்கும். நேரா வெட்டாம, சுத்திச் சுத்தி வெட்டியிருப்பான். ஈயக் குண்டு அதைக் கவ்வீட்டுத் திரும்பித் திரும்பி வெளிய வரும். பம்பரமாச் சுத்துனாத்தான் தலை ஆடாமப் போகும். சுத்தலீன்னா அம்பது மீட்டர்ல எங்க போவும்னு அந்தக் கடவுளுக்கே தெரியாது."

"நெறைய முறுக்குனா இன்னும் நேராப் போவுமா?"

அந்தக் கேள்விக்கு அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். திரியை மேலும் மேலும் முறுக்கினார். அது சுருண்டு முடிச்சு விழுந்தது. "இப்படித்தான் கெட்டுப்போவும். குண்டு எத்தன நீளமோ அதுக்குத் தக்க முறுக்கு. என்ற குண்டு குட்டை. பதினாறு இஞ்சுக்கு ஒரு முறுக்குப் போதும்."

இஞ்சி என்றுதான் எனக்குக் காதில் விழுந்தது. பதினாறு இஞ்சி எதற்கு என்று கேட்டுவைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இஞ்சு கணக்கு, கடிகார முள் கணக்கு எல்லாம் அதற்கப்புறம் நானாகக் கற்றுக்கொண்டதுதான். அவர் படுத்துச் சுடுவார். நான் பின்னால் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வேன். "மூணு மணி, ஒம்போது." "ஒரு மணி, பத்து." மணி என்பது குண்டு விழுந்த திசை, அடுத்தது மதிப்பெண். கருப்பு வட்டத்துக்குள் பத்து என்பது ஒரு பட்டாணி அளவுதான். அதற்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வருடம் முன்பு, ஒரு ஞாயிறு, தனியாகப் போய்வந்தார். எனக்கு அன்று காய்ச்சல். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார், ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "முறுக்குத் தளந்துபோச்சு மயிலு. இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

அதற்கப்புறம் என்னைக் கூட்டிப்போகவில்லை. வெயில் ஆகாது என்றார். ஆறு மணிக்கு என்ன வெயில்?

அக்டோபர் 9, புதன்

மத்தியானம் வரதராஜுலு நாயுடு அண்ணா வந்தார். கிளப்பில் இவருக்கும் அவருக்கும் ஆயுசு முழுக்கப் போட்டி. ஒரு வருடம் இவர் ஜெயித்தால் மறு வருடம் அவர். தோற்றவர் ஜெயித்தவருக்கு மைசூர்பாகு வாங்கித் தர வேண்டும். இரண்டு பேருக்கும் சர்க்கரை வந்ததற்கு அதுதான் காரணம்.

துப்பாக்கி வாங்க ஆள் பார்க்கச் சொல்லியிருந்தேன். உள்ளே வரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஏனம்மிணி, நான் ஆளு அனுப்பறேன், நீங்க அவங்ககிட்டக் குழாய் போச்சுன்னு தமுக்கடிக்கறீங்களாமா? ரெண்டு பேரும் ஓடிப்போயிட்டாங்க."

"மறைச்சு வித்தா முருகன் சும்மா உடுவாருங்களாண்ணா?"

"முருகன் வெச்சிருக்கறது வேலுங். ரைபிள் சமாச்சாரத்துல அவரு எதுக்கு வர்றாரு?"

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னேன். "அவரே சொன்னதுங்ணா. முறுக்குத் தளந்துபோச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு."

அண்ணா டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"அப்படியா சொன்னாரு?"

"ஆமாங்."

"வேற ஏதாச்சும்?"

"இல்லீங்."

காப்பியைக் குடித்து முடிக்கும்வரை அவர் பேசவில்லை. நாயுடு அண்ணா பேசாமல் இருந்து நான் பார்த்ததே அவர் மச்சான் சாவில்தான். போகும்போது, "ஞாயித்துக்கிழமை ஒரு டீச்சரம்மாவக் கூட்டியாறேன். தயவுபண்ணி வாயத் தொறக்காதீங்க" என்றார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அரிவாள்மணை, இட்லிக் கொப்பரை, தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். தொலைநோக்கிக்கும் வைத்தேன்.

பூஜை முடிந்து அவர் பீரோவை ஒழித்தேன். சட்டைகளை ஆசிரமத்துக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தால் பட்டன் வைத்தவை எல்லாம் மடிப்புக் கலையாமல் புதிதாக இருக்கின்றன. கடைசி இரண்டு மூன்று வருடம் தலைவழியாக மாட்டுகிற பனியன் சட்டைதான் போட்டார். காற்றோட்டமாக இருக்கிறது என்பார். பதினோரு சட்டை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

நாயுடு அண்ணா சொன்னபடி அந்த டீச்சரைக் கூட்டி வந்தார். ஜெசிந்தா என்று பெயர். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முப்பத்திரண்டு வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், விசில் கட்டிக் கட்டிக் கழுத்தில் ஒரு தடம்.

அவளுக்கு உரிமம் இருக்கிறது, துப்பாக்கிதான் இல்லை. கிளப்பின் பொதுத் துப்பாக்கியில் நான்கு பேர் மாற்றி மாற்றிச் சுடுகிறார்கள். டிசம்பரில் மாநிலப் போட்டி. இந்த முறை தேறாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

"நாலு மருமக ஒரு அடுப்புல சமைக்கற மாதிரிங்ம்மா. எனக்கு முன்னாடி சுட்டவங்க என்ன திருகி வெச்சாங்கன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்கு நேரம் முடிஞ்சுபோயிரும்."

பிடித்துவிட்டது எனக்கு. பிடித்ததனால்தான் சொன்னேன். "கண்ணு, குழாய் தேஞ்சுபோச்சு. முறுக்கு நிக்காது. தெரிஞ்சுட்டு வாங்கு."

நாயுடு அண்ணா தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் அசரவில்லை. "பரவாயில்லீங்ம்மா. சுட்டுப் பாத்துட்டுச் சொல்றேன். மாமியா கெட்டவங்கன்னு அக்கம்பக்கத்துல சொல்லத்தான் செய்வாங்க. குடும்பம் நடத்திப் பாத்தாத்தான தெரியும்?"

மூன்று பேரும் சிரித்தோம். இந்த வீட்டில் மூன்று பேர் சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாயிற்று.

அக்டோபர் 16, புதன்

ஜெசிந்தாவும் நாயுடு அண்ணாவும் நானும் டவுன்ஹால் பக்கம் ஹபீப் பாய் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கிளப்பிலிருந்து ரைபிளை நாயுடு அண்ணா முறைப்படி எழுதிக்கொடுத்து எடுத்து வந்திருந்தார். உறையைத் திறந்ததும் அந்த எண்ணெய் வாசனை. திரும்பி நின்று கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தேன்.

பாய் குழாயை விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே வெள்ளி வெள்ளியாக வரிகள் சுழன்று சுழன்று தூரத்தில் ஒரு பொட்டு வெளிச்சத்தில் போய் முடிகின்றன. நாற்பது வருடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது இன்றுதான்.

அப்புறம் ஒரு ஈயக் குண்டில் எண்ணெய் தடவிக் குழாயின் பின்பக்கம் வைத்தார். கம்பியைக் கொடுத்து, "நீங்களே தள்ளுங்கம்மா. கையிலயே தெரியும். எங்கயாச்சும் லூசா ஓடுச்சுன்னா அங்க தேய்மானம். எங்கயாச்சும் புடிச்சா அங்க அழுக்கு, இல்லாட்டித் துரு" என்றார்.

தள்ளினேன். கம்பி என் கையிலேயே மெள்ளத் திரும்பியது. ஒரே சீராகப் போயிற்று, நெய்யில் ஊறிய மாவு அச்சில் இறங்குவதுபோல. வாய்ப்பக்கம் வந்ததும் ஒரு துளி இறுகிற்று. பிறகு விழுந்தது.

அந்தக் குண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் எட்டு வரி, சாய்வாக. முள்ளு முறுக்கு மாதிரியே இருந்தது.

"வாய்ப்பக்கம் ஒரு நூல் இறுக்கமா இருக்குதில்ல? நல்ல குழாய்க்கு அப்படித்தான் இருக்கணும். குண்டு வெளிய போறப்ப கடைசியாத் தொடற எடம் அதுதான். அங்க லூசா இருந்தா ஆடிக்கிட்டே போவும்" என்றார் பாய். "எனக்கு ஒண்ணும் தேய்மானம் தெரியலம்மா. இது மெதுவான ஈயக் குண்டு, எத்தனை ஆயிரம் சுட்டாலும் இரும்பை அவ்வளவு சீக்கிரம் தின்னாது."

"இல்லீங்க பாய். இது தேஞ்சுதான் போச்சு."

"ஏம்மா, விக்கிறவங்க போச்சுங்கறீங்க, வாங்கறவங்க நல்லாருக்குங்கறாங்க. என் கடையில இப்படி ஒரு வியாபாரத்தை நான் பாத்ததே இல்ல!"

ஜெசிந்தா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. குண்டு உட்காருகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அரிப்பு இருந்தாலும் இருக்கலாம், அதைச் சுட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று பாய் சொன்னார். அப்போதுதான் மூச்சு வந்தது.

அக்டோபர் 17, வியாழன்

ஐப்பசி பிறந்தது. மழை. தலைவலி.

அக்டோபர் 20, ஞாயிறு

விடியற்காலை கிளப்புக்குப் போனேன். மூன்று வருடத்துக்கப்புறம். வேப்பமரத்தை வெட்டிவிட்டுத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். நான் உட்காருகிற சிமெண்ட் கட்டை அப்படியே இருக்கிறது. தொலைநோக்கியை அதன் தாங்கிக் காலில் நிறுத்தி, கண்ணை வைத்தேன். கை தானாகத் திருகித் தெளிவாக்கியது.

ஜெசிந்தா படுத்தாள். ஆளின் கை ஆட்டம் சேரக் கூடாது, குழாயின் குணம் மட்டும் தெரிய வேண்டும் என்று நாயுடு அண்ணா முன்னும் பின்னும் மணல் மூட்டை வைத்து ரைபிளைப் பதித்துக் கொடுத்தார்.

முதல் குண்டு. "பதினோரு மணி, ஏழு." இரண்டாவது. "நாலு மணி, எட்டு." மூன்றாவது எட்டு, நான்காவது ஏழு, ஐந்தாவது ஒன்பது. உளுந்து இறைத்த மாதிரி.

எனக்குச் சந்தோஷம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. துப்பாக்கி விற்க வேண்டும் என்று நவராத்திரி முழுக்க வேண்டியவள் நான். அது தேய்ந்துபோயிருக்கிறது என்றதும் மடி நிறைந்த மாதிரி இருந்தது. "நான் சொன்னேனல்லோ?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் சுட்டவர் திரும்பிப் பார்த்தார்.

"இருங்கம்மிணி. வருசம் பூரா எண்ணெயில ஊறிக் கெடந்த குழாய். எண்ணெய் போயி, மெழுகும் ஈயமும் வரிக்குள்ள ஒரு பூச்சுப் பூசற வரைக்கும் அது அப்படித்தான் தத்தளிக்கும்" என்றார் அண்ணா. இன்னும் பத்துப் பன்னிரண்டு சும்மா சுடச் சொன்னார். அப்புறம் தன் பையிலிருந்து வேறு குண்டுப் பெட்டி ஒன்றை எடுத்தார். இவர் எப்போதும் சுடுகிற ரகம். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு ரகம்தான் ஒத்துப்போகும் என்பது எனக்கும் தெரியும்.

புது அட்டை மாட்டினார்கள்.

முதல் குண்டு. "பத்து."

இரண்டாவது சுட்டாள். எனக்கு ஓட்டை தெரியவில்லை. "தெரியல கண்ணு, அட்டைக்கு வெளிய போச்சாட்ட இருக்குது." மூன்றாவதும் தெரியவில்லை. நான்காவது சுட்டபோது முதல் ஓட்டையின் ஓரம் லேசாக விரிந்தது. ஐந்தாவதும் அதற்குள்ளேயே.

தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தேன்.

அட்டையைக் கொண்டுவந்தார்கள். ஐந்து குண்டுக்கும் ஒரே ஓட்டை. ஜெசிந்தா அதில் சுண்டுவிரல் நுனியை வைத்தாள், மூடிக்கொண்டது.

"அம்மா!" அவள் கண்ணில் தண்ணீர். "இதையாங்ம்மா தேஞ்சுபோச்சுன்னீங்க? இந்த மாதிரிக் குழாய் இந்தக் கிளப்புலயே இல்லீங்ம்மா. ஐயா எதுக்கு அப்படிச் சொன்னாரு?"

நாயுடு அண்ணா குனிந்து மணல் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தார். அது கட்டித்தான் இருந்தது.

"அவரு சரியாத்தான் சொல்லியிருப்பாரு கண்ணு. எனக்குத் தப்பாக் காதுல உளுந்திருக்குது" என்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். அப்படியே சாப்பிட்டேன். பால் அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும்.

அக்டோபர் 23, புதன்

குழாயில் குறையில்லை. அவ்வளவுதான் தெரியும். மற்றதை நான் எழுதப் போவதில்லை.

காப்பியைப் பாதி டம்ளர் ஊற்று, நிறைய வேண்டாம் என்பார். டாக்டர் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன். சவரம் செய்ய வாரம் ஒருமுறை கடைக்குப் போக ஆரம்பித்தார். பொழுது போகிறது என்றார். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகத்தான் எல்லாரிடமும் சொன்னேன். அன்று தரை காய்ந்திருந்தது. நான்தான் விடியற்காலையிலேயே துடைத்துவிட்டிருந்தேன்.

நேற்று முழுக்க அவர் மேல் கோபமாக இருந்தேன். படத்துக்குப் பூ வைக்கவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை என்று பெருமைப்பட்டவள் நான்.

இன்று துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருக்கும்போதுதான் அந்த வார்த்தை மறுபடி காதில் விழுந்தது. முறுக்குத் தளந்துபோச்சு மயிலு. இனி ஒண்ணும் பண்ண முடியாது. எதற்கு முறுக்குத் தளர்ந்தது என்று அவர் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. "அடக் கடவுளே, குழாயா?" என்றேன் நானாக. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ம்" என்றார்.

அந்த "ம்" ஒன்றுதான். அதையும் நான் எடுத்துக் கொடுத்துத்தான் சொன்னார்.

இதைவிட ஒன்று இருக்கிறது. அன்றையிலிருந்து சஷ்டிக்குச் சஷ்டி விரதமிருந்தேன். மருதமலைப் படியை வெறுங்காலோடு ஏறி, முருகா, அவர் துப்பாக்கிக் குழாயைச் சரிபண்ணிக் கொடு என்று வேண்டினேன். இரண்டு வருடம், ஒரு மாதம்கூட விடாமல். அவன் என்ன செய்வான்? கேட்டது குழாயை. குழாயை நன்றாகத்தான் வைத்திருந்தான்.

படத்துக்குப் பூ வைத்தேன்.

அக்டோபர் 25, வெள்ளி

நாயுடு அண்ணா வந்தார். மைசூர்பாகு வாங்கிக்கொண்டு. சர்க்கரைக்காரர் கையில் இது என்ன என்று கேட்டேன்.

"நான்தானுங் தோத்தேன். குழாய் போச்சுன்னு நீங்க சொன்னதை நான் அந்தச் சபையில பொய்யாக்கிப்போட்டேன். அதுக்கு அபராதம்."

காப்பி கொடுத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "அம்மிணி, ஒரு சேதி நான் அன்னைக்கே..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாங்ணா."

"அவரு என்ற கையில அடிச்சுச் சத்தியம்..."

"தெரியுமுங்ணா. வேண்டாம்."

மைசூர்பாகுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறனுங்ணா. சுட முடியாமப் போனதுக்கு அப்பறமும் ஞாயித்துக்கிழமை கெளம்பிப் போயிட்டுத்தான் இருந்தாரு. அங்க வந்து என்னங் பண்ணுனாரு?"

அண்ணா டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாயப் போட்டு என்ற பக்கத்துல படுத்துக்குவாருங். குண்டு போடமாட்டாரு. ரைபிளக் கன்னத்துல வெச்சுக் கண்ண மூடிப் படுத்திருப்பாரு. நான் பத்துப் போட்டா, சத்தத்தை வெச்சே 'ம், பத்து' ம்பாரு. தப்பாப் போட்டா 'மைசூர்பாகு எடுத்து வையி வரதா' ம்பாரு. எட்டு மணிக்கு எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவாரு."

அந்த ஞாயிறுகளில் எட்டரைக்கு வந்து இட்லி கேட்பார். நான் குழாய் எப்படியிருந்தது என்று கேட்பேன். "இருக்குது" என்பார். பசியோடு சாப்பிடுவார். முகம் நன்றாகத்தான் இருக்கும்.

மைசூர்பாகில் நான் ஒரு துண்டு, அண்ணா ஒரு துண்டு. மீதியை வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன்.

அக்டோபர் 28, திங்கள்

ஸ்டேஷனில் கையெழுத்தாயிற்று. அந்த ஏட்டுதான் இருந்தார். "ஆளு கெடைச்சுட்டாங்களாட்ட இருக்குது, பரவாயில்லீங்ம்மா" என்றார். செந்தூரனும் லீவு போட்டு வந்திருந்தான். அவனிடம் குழாய் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "அப்ப அப்பா?" என்று கேட்டான். "அப்பாவுக்கு என்ன? அப்பா நல்லாச் சுட்டாரு" என்றேன். அவன் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஏதோ புரிந்திருக்கும். கேட்கவில்லை.

விலையை வேறு நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஜெசிந்தா உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள், பிள்ளையை முதல்முதலாகத் தூக்கினவளைப்போல, எங்கே பிடிப்பது என்று தெரியாமல். "ஞாயித்துக்கிழமை தொலைநோக்கி எடுத்துட்டு வர்றீங்களாங்ம்மா? எனக்குப் பின்னால உக்காந்து மணி சொல்ல ஆளில்ல" என்றாள்.

பார்க்கலாம் என்றேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் வைத்துக் குளித்தேன். பருப்புப் பூரணம் வைத்து ஒப்புட்டுச் சுட்டு நாலு வீட்டுக்குக் கொடுத்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

தொலைநோக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

மணல் மூட்டை இல்லாமல் கையில் பிடித்துச் சுட்டாள். குழாய் நன்றாக இருந்து என்ன, அவளுக்கு மூச்சு அடங்கவில்லை. மாநிலப் போட்டியை நினைத்து நினைத்துக் கை படபடக்கிறது. "மூணு மணி, எட்டு." "ஒம்போது மணி, எட்டு." பாவம், எழுந்து உட்கார்ந்து அழுதுவிட்டாள். "துப்பாக்கியக் குறை சொல்லவும் வழியில்லாமப் போச்சுங்ம்மா" என்றாள்.

தலையைத் தடவிக் கொடுத்தேன். அவள் கிறிஸ்தவப் பெண், கோயில் பிரசாதம் எல்லாம் ஆகாதோ என்னவோ, பையிலிருந்த முறுக்கைக் கொடுத்தேன். தின்றாள். மறுபடி படுத்தாள்.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். ஆறு நாள் விரதம் நல்லபடியாக முடிந்தது. மருதமலைக்குப் போனேன். முழங்கால் முன்னைப்போல் இல்லை, நின்று நின்றுதான் ஏறினேன். கூட்டம் தாங்கவில்லை.

அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். குருக்கள் பெயர் கேட்டார். "ஜெசிந்தா" என்றேன். கைமணியைப் பிடித்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க சாமி. டீச்சருங்."

பின்னால் நின்ற பெண் பிள்ளை களுக்கென்று சிரித்தது. குருக்கள் சிரிக்கவில்லை. பெயரைச் சொல்லி அர்ச்சித்தார். அவர் வாயில் அது கொஞ்சம் கோணிப்போய் "ஜெயசிந்தா" என்று வந்தது. நான் திருத்தவில்லை. முருகனுக்கு ஆள் தெரியும்.

தீபாராதனை காட்டும்போது கையெடுத்துக் கும்பிட்டேன். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கையைத்தான் கேட்டேன். கை நடுங்காமல் பார்த்துக்கொள், அப்படி நடுங்கினால் அதைப் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் சொல்ல வாயையும் கொடு என்று கேட்டேன்.